சுவரோரம் மட்டும் ஒழுகினால்

மொட்டை மாடிக்கு இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தும் படுக்கையறைச் சுவரோரம் மட்டும் கசிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான். வெயிலில் கான்கிரீட்டும் செங்கலும் ஒரே அளவில் விரிவதில்லை; அங்கே பூச்சு பிளக்கும், பெயின்ட் அதைத் தாங்காது.

மூலையை ஓர் அங்குல ஆழம் வெட்டி, தூசி தட்டி, ஈரப்படுத்துங்கள். எஸ்பிஆர் லேடெக்ஸ் (சிமென்ட் நன்றாக ஒட்ட உதவும் பால் போன்ற திரவம்) கலந்த 1:3 சிமென்ட் கலவையால் (ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல்) மூலையை நிரப்பி, இரண்டு அங்குலச் சாய்வு கொடுங்கள். மூன்று நாள் தண்ணீர் தெளித்துக் காயவிட்டு, பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட். நடுவே ஃபைபர் வலை. பூச்சு சுவரில் ஓரடி, தளத்தில் ஓரடி வர வேண்டும். பழைய பெயின்டைச் சுரண்டாமல் அடித்தால் எல்லாம் உரிந்து வரும், கவனம்.

கைப்பிடிச் சுவரின் மேல்தலையில் விரிசல் இருக்கிறதா? அதையும் அடைத்துவிடுங்கள். பூச்சு ஒரு வாரம் காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள்.