வம்சாவளி எழுதும் பிள்ளையை நீட்டுக்குத் திரும்ப அனுப்பாதீர்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மகள், பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. நீட் இரண்டு முறை எழுதியும் சீட் கிடைக்கும் அளவுக்கு மார்க் வரவில்லை. "இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்புங்கள், இல்லையென்றால் தோட்டத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேருங்கள், குடும்பத்துக்கு ஒரு டாக்டர் வேண்டாமா" என்கிறாராம் கொழுந்தனார். மகளோ பாட்டியைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் வம்சாவளி எழுதிக்கொண்டிருக்கிறாள். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், பஞ்ச காலத்தில் எந்த ஊரை விட்டு வந்தார்கள், குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை ஏன் வேறொரு சாதிக் குடும்பத்துக்குப் போகிறது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நேரத்தை வீணாக்குகிறாள், நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்கள் மகளுக்குப் புத்தி சொல்ல நான் தயாராக இல்லை. உங்கள் கொழுந்தனாரிடம்தான் சில கணக்குகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம் மட்டுமே வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். படிப்பு நாலரை வருடம், அப்புறம் ஒரு வருடம் பயிற்சி. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மேற்படிப்புக்கு மறுபடியும் ஒரு நீட். தோட்டம் போன பிறகு அந்தச் செலவுக்கு எதை விற்பீர்கள்? கொழுந்தனார் தன் நிலத்தை விற்கச் சொல்லவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். தோட்டப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொறியியல், நர்சிங், ஃபார்மசி பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் மகளின் நோட்டில் இருப்பது ஒரு படிப்பின் முதல் பாடம். மானிடவியல் என்று பெயர்; மனிதர்களின் உறவு, வழக்கம், உடல், மரபணு எல்லாவற்றையும் ஆராயும் படிப்பு.

அந்தப் படிப்பில் முதலில் கற்றுத்தருவது உறவுப் படம் வரைய. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. அத்தை, மாமா பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. நாம் யோசிக்காமல் பின்பற்றும் இந்த ஒழுங்கை 1871-ல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், அங்குள்ள செனகா இரோக்வாய் பழங்குடியினரின் உறவுமுறையோடு ஒப்பிட்டு, இரண்டும் இவ்வளவு ஒத்திருக்கின்றனவே என்று வியந்து எழுதினார். இன்றுவரை உலகின் மானிடவியல் வகுப்புகளில் நம்முடைய இந்தத் திராவிட உறவுமுறை ஒரு முக்கியப் பாடம்.

உயிரியல் படித்தது வீணாகுமோ என்று பயப்பட வேண்டாம். எலும்பும் மரபணுவும் இந்தப் படிப்பில் பாதி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்து மக்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, எம்130 என்ற மரபணுக் குறி ஜோதிமாணிக்கம் கிராமத்தில் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். காட்டில் வாழ்பவர்களுக்கு அங்கே நில உரிமை தர 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். காட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பவரிடம் பட்டா ஏது? அந்தச் சட்டத்தின் விதிகள் எதையெல்லாம் சான்றாக ஏற்கின்றன தெரியுமா? பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம், முன்னோர் வரையிலான வம்சாவளி. ஒரு பாட்டி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, பெயர் பிசகாமல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஒரு குடும்பம் தன் நிலத்தில் நிலைக்க அது உதவும். உங்கள் மகள் இப்போதே செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான்.

வேலை இடங்கள் இருக்கின்றன. 1945-ல் தொடங்கிய இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்குத் தலைமையகம் கொல்கத்தா. தென் மண்டல மையம் மைசூரில். உதகையில் நம் மாநிலத்தின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அருங்காட்சியகம், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் பணி என்று மற்ற வழிகளும் உண்டு. படித்து முடித்த மறுநாளே வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். பணியிடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டிவரும். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முனைவர் பட்டம் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். ஐ.ஏ.எஸ். தேர்வில் இது விருப்பப்பாடம் என்பதால் பலர் எடுக்கிறார்கள். அதற்காக மட்டும் உங்கள் மகள் எடுக்க வேண்டாம்.

நம் ஊர்க் கல்லூரிகளில் இளங்கலையில் இந்தப் பாடம் கிடைப்பது அரிது. முதலில் பக்கத்து அரசுக் கல்லூரியில் விலங்கியல் சேருங்கள், கிடைக்காவிட்டால் வரலாறு. செலவு சொற்பம். ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முதுகலை மானிடவியல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. புதுச்சேரிக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

பெண் பிள்ளையை மலைக்கும் காட்டுக்கும் எப்படி அனுப்புவது என்ற பயம் உங்களுக்கு வரும். முதுகலைக் களப்பணிக்கு ஆசிரியரோடு குழுவாகத்தான் போவார்கள். பிரசவம், தீட்டு, தாலாட்டு, வீட்டுச் சண்டை பற்றியெல்லாம் பெண்கள் இன்னொரு பெண்ணிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். அங்கே உங்கள் மகளுக்கு நுழைய முடிகிற வீடுகள் ஆண் மாணவர்களுக்குத் திறக்காது. தைரியம் வேறொன்றுக்குத்தான் வேண்டும்: சொந்தச் சாதி மற்றவர்களுக்குச் செய்ததையும் அந்த நோட்டில் மறைக்காமல் எழுத. முதல் மரியாதை பற்றி அவள் கேட்ட கேள்வியைப் பார்த்தால், அது அவளிடம் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

அரசுக் கல்லூரி விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் திறக்கும். அதற்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். கோச்சிங் சென்டருக்கு முன்பணம் கட்டியிருந்தால் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள்.