விழப்போகிற பால்பல்லுக்கு டாக்டர் எதற்கு?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டியோடுதான் தூங்குவாள். பல் டாக்டரிடம் காட்டலாம் என்றால், "விழுந்து முளைக்கிற பல்லுக்கு டாக்டரா? ஸ்கூல் போகட்டும், பார்த்துக்கலாம்" என்கிறார் மாமியார். எந்த வயதில் காட்ட வேண்டும்?

பதில்: இந்த வாரமே காட்டுங்கள். முதல் பல் முளைத்ததும், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. நீங்கள் கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் அந்த வெள்ளைக் கோட்டைக் கவனித்தீர்களே, அது பெரிய விஷயம். பல வீடுகளில் அது பழுப்பாகி, பல் உடைந்த பிறகுதான் கண்ணில் படும்.

நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது சொத்தையின் முதல் படி. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பகலில் எச்சில் ஊறி ஊறிக் கழுவிவிடும். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்வதால் மேல் முன்பற்கள்தான் பாலில் ஊறுகின்றன. மகளின் கீழ்ப்பற்களைப் பாருங்கள், அநேகமாகச் சுத்தமாக இருக்கும்.

ஓட்டை விழாத வரைக்கும் இதைத் திருப்பிவிடலாம். ஃபுளோரைடு வார்னிஷ் என்று ஒன்று உண்டு. நகப்பாலிஷ் மாதிரி பல்லில் பூசுவது, சில நிமிட வேலை, ஊசி கிடையாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பூசுவார்கள். ஓட்டை விழுந்துவிட்டால் அப்புறம் கதை வேறு.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் வேலை செய்ய வேண்டியவை. சோறு மெல்வது அவற்றால்தான், பின்னால் வரும் நிலைப்பற்களுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். மூன்றரை வயதுப் பையன் ஒருவனை, கன்னம் வீங்கி, காய்ச்சலோடு, அணைக்கட்டுப் பக்கம் இருந்து இரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் வீட்டிலும் இதே பேச்சுதான். நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. அந்தக் குழந்தையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதல்முறையே வலியோடு வந்தால், பல் டாக்டர் என்றாலே பயம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. வலி வருவதற்கு முன்னால் வரச் சொல்வது இதற்காகவும்தான்.

முதல் தடவை பெரிதாக ஒன்றும் இருக்காது. நீங்களும் மருத்துவரும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருவீர்கள். குழந்தையின் கால்கள் உங்கள் இடுப்பில், தலை அவர் மடியில். இரண்டு நிமிடம் வாயைப் பார்ப்பார். அழுதால் அழட்டும், வாய் நன்றாகத் திறக்கும். "ஊசி போட்டுடுவாங்க" என்று வீட்டில் மிரட்டாதீர்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பால் கலப்பதும் தூங்க வைப்பதும் பல வீடுகளில் பாட்டிதானே.

வீட்டில் குடிப்பது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று மருத்துவர் கேட்பார். நம் பழைய வடார்க்காட்டில், குறிப்பாகத் திருப்பத்தூர்ப் பக்கம், சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அது உடம்பில் கூடினால், பின்னால் முளைக்கும் நிலைப்பற்களில் கறை விழலாம். அதனால் இதைச் சரியாகச் சொல்லுங்கள்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு தினமும் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, பத்து நாளில் படுக்கையில் வெறும் தண்ணீர் என்று கொண்டுவாருங்கள். குடிக்க வேண்டிய பாலைத் தூங்குவதற்கு முன்பே டம்ளரில் கொடுத்துவிடுங்கள். நாலு நாள் அழுவாள், உங்களுக்கும் தூக்கம் கெடும். பொறுத்துக்கொள்ளுங்கள். பாலுக்குப் பிறகு ஃபுளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு தொட்டு நீங்களே தேய்த்துவிடுங்கள். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. இனிப்பு ஆசையாகக் கொடுத்தால் சாப்பாட்டோடு ஒரே தடவையாகக் கொடுங்கள். ஆற்காடு மக்கன் பேடா ஒன்றை ஒரே மூச்சில் சாப்பிடுவதைவிட, நாள் முழுக்க டீயில் நனைத்த பொறையும் பிஸ்கட்டும் கொறிப்பதுதான் பல்லை அதிகம் கெடுக்கும்.

வேலூர் சி.எம்.சி.யில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால், பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரியுங்கள். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவும் பல்லைப் பார்ப்பார்கள், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அவள் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, விளையாட்டாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள்.