மாட்ரிடிலிருந்து ஒரே ஒரு நாள்: டொலேடோவா, செகோவியாவா?

நீங்கள் கொடுத்த விவரம் இது: அக்டோபர் கடைசியில் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடில் நான்கு நாள், அதில் ஒரு நாள் வெளியூர். கூட மனைவியும் 68 வயது அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, சுத்த சைவம்.

செகோவியாவுக்குப் போங்கள்.

இதைச் சொல்ல எனக்கே மனசு கொஞ்சம் சங்கடப்படுகிறது. இரண்டு ஊரில் எனக்கு நெருக்கமானது டொலேடோதான். மாட்ரிடில் வேலை பார்த்த மூன்று வருடத்தில் அங்கே ஆறு தடவை போனேன், செகோவியாவுக்கு நான்கு தடவை. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் பொறுப்பு என்னுடையது. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். டொலேடோ ஒரு நாளில் பார்த்து முடிக்கிற ஊர் இல்லை, அவசரப்பட்டால் அது தன்னைக் காட்டவே காட்டாது.

முதல் தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜூலை மாதத்தில் போனேன். கையில் ஏழு இடங்களின் பட்டியல். தாகுஸ் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓட, நடுவில் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. எந்தச் சந்தில் திரும்பினாலும் ஏற்றம் இல்லாவிட்டால் இறக்கம், கால் வைக்கிற இடமெல்லாம் உருளைக்கல். நாலாவது இடத்தோடு அப்பா ஒரு கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பார்த்துட்டு வாப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவரை வெயிலில் உட்கார வைத்துவிட்டு நான் எதைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை.

அங்கே இருப்பது லேசான விஷயங்கள் இல்லை. கதீட்ரலை 1226இல் ஆரம்பித்து 1493இல்தான் முடித்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் அதன் கூரையையே திறந்து, திறந்த இடத்தைச் சுற்றிலும் தேவதூதர்களைச் செதுக்கி வைத்தார்கள். வெயில் அந்த வழியாக இறங்குகிற நேரத்தில் அங்கே நின்றால் நகர மனசு வராது. சாந்தோ தொமே தேவாலயத்தில் எல் கிரெகோ வரைந்த 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' இருக்கிறது. கீழே பிரபுவின் உடலை இரண்டு புனிதர்களே இறங்கி வந்து தாங்குகிறார்கள், மேலே சொர்க்கம் திறந்திருக்கிறது, நடுவில் வரிசையாக ஊர்க்காரர்களின் முகங்கள். ஓரத்தில் நம்மைப் பார்த்தபடியே பிரபுவின் பக்கம் விரல் நீட்டுகிற சின்னப் பையன் ஓவியரின் சொந்த மகன். அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் சாந்தா மரியா லா பிளாங்கா. 12ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அரசரின் ஆட்சியில், இஸ்லாமியக் கட்டடக்கலையில், யூதர்கள் தொழுவதற்காக எழுப்பிய இடம். வெள்ளைத் தூண்களும் குதிரை லாட வளைவுகளுமாக ஒரு காடு மாதிரி நிற்கும். பிறகு அது தேவாலயமாக மாற்றப்பட்டது, இன்று மரியாளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1492இல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 12ஆம் நூற்றாண்டில், பண்டைய கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து கிரெமோனாவின் ஜெரார்டு வந்து, அரபு கற்று, அதை லத்தீனில் மொழிபெயர்த்ததும் இதே ஊரில்தான். இதையெல்லாம் ஐந்து மணி நேரத்தில் ஓடி ஓடிப் பார்ப்பது அந்த ஊருக்குச் செய்கிற நியாயம் இல்லை. ஒரு ராத்திரி தங்கவேண்டும். சாயங்காலம் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு ஊர் அதன் மக்களிடமே திரும்பி வரும். நான் டொலேடோவை உண்மையில் பார்த்தது அப்படித் தங்கிய மூன்றாவது பயணத்தில்தான்.

செகோவியாவில் இந்தத் தவிப்பு இல்லை. தொட்டிப்பாலம், கதீட்ரல், கோட்டை என்று மூன்று பெரிய இடங்கள், மூன்றும் ஏறக்குறைய ஒரே தெருப்போக்கில். ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனை வரை ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது. ஏற்றம் உண்டு, ஆனால் மெதுவான ஏற்றம். வழி நெடுக உட்கார காபிக் கடைகள். அம்மாவால் முடியும்.

தொட்டிப்பாலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதற்காகவே இவ்வளவு தூரம் போகலாம். ஏறத்தாழ 1,900 வருடங்களுக்கு முன் ரோமானியர்கள், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மலையோடையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து மேட்டுக்குப் போகவேண்டும், நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் இந்த வளைவுகள். உயரமான இடத்தில் 28 மீட்டர், அதாவது ஒன்பது மாடி. கருங்கற்களுக்கு நடுவில் சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. ஒரு கல்லின் பாரம் அடுத்த கல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கற்களில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், தூக்கும்போது இரும்புக் கிடுக்கி பிடித்த இடங்கள். இடையில் சேதமான வளைவுகளை 15ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் இதற்கு வேறு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். தினமும் குடம் சுமந்து மேட்டில் ஏறிச் சலித்துப்போன ஒரு வேலைக்காரப் பெண், சேவல் கூவுவதற்குள் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் என் ஆத்மாவை எடுத்துக்கொள் என்று சாத்தானிடம் சொல்லிவிட்டாளாம். அவன் ராத்திரி முழுக்கக் கட்டி, கடைசி ஒரு கல் வைப்பதற்குள் விடிந்துவிட்டதாம். அம்மாவிடம் இந்தக் கதையைப் பாலத்தடியில் நின்று சொல்லுங்கள். தண்ணீர் சுமந்த தலைமுறைக்கு அந்தப் பெண்ணின் அலுப்பு நன்றாகவே புரியும். என் சித்தி கதை கேட்டுவிட்டு ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து மேலே நடந்தால் பிளாசா மயோர். இந்தச் சதுக்கத்தில் நின்ற பழைய சான் மிகேல் தேவாலயத்தில்தான் 1474 டிசம்பர் 13 அன்று இசபெல்லா காஸ்தில் நாட்டின் அரசியாக அறிவிக்கப்பட்டார். கொலம்பஸை அனுப்பி வைத்த அதே இசபெல்லா. கதீட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது, உள்ளே அரை மணி நேரம் போதும். கடைசியில் அல்காஸர் கோட்டை. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், கப்பலின் மூக்கு மாதிரி பாறை மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். 1862இல் தீப்பிடித்து எரிந்து, பிறகு சீர்செய்யப்பட்டது. கோபுரத்துக்கு 152 படி. அம்மாவை முன்னால் உள்ள தோட்டத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் மனைவியும் மாறி மாறி ஏறுங்கள். மேலே போனால் குவாதர்ராமா மலை முழுசாகத் தெரியும்.

சாப்பாடு விஷயத்தில் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். செகோவியா என்றாலே வறுத்த பன்றிக்குட்டிதான், அதைத் தட்டின் விளிம்பாலேயே வெட்டிப் பரிமாறுவார்கள். நிறைய உணவகங்களில் கண்ணாடி ஜன்னல் வழியே தெரியும்படி வைத்திருப்பார்கள், அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்த ஊரின் பெரிய வெள்ளை மொச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதிலும் பெரும்பாலும் இறைச்சி சேர்த்திருக்கும். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீனைப் போட்டு எடுத்து வந்துவிடுவார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" (இறைச்சி, பன்றித்தொடைக் கறி, மீன் எதுவும் இல்லாமல்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா முட்டையும் சாப்பிட மாட்டார் என்றால் "சின் ஊவோ"வும் சேர்க்க வேண்டும். நான் செய்வது, மாட்ரிடிலிருந்தே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய்க் கோட்டைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான்.

போகும் வழி: மாட்ரிடின் சமார்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குள் செகோவியா கியோமார் நிலையம். 28 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றில் மலையைக் குடைந்து போகும். நிலையம் ஊருக்கு வெளியே வயல்வெளியில் இருக்கிறது, இறங்கியதும் திகைத்துவிட வேண்டாம். வாசலில் நிற்கும் 11ஆம் எண் நகரப் பேருந்து தொட்டிப்பாலத்தடியிலேயே கொண்டுவந்து விடும். மாட்ரிடின் மொன்க்லோவா பேருந்து நிலையத்திலிருந்து பேருந்திலும் போகலாம், ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும், ஆனால் மலிவு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாட்ரிடில் வெயிலடித்தாலும் அங்கே குளிரும், அக்டோபர் கடைசியில் அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துணியும் கண்டிப்பாக வேண்டும்.

இரண்டு ஊரையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று விற்கிற பயணங்களை எடுக்காதீர்கள். ஒன்று தெற்கே, ஒன்று வடமேற்கே. பாதி நாள் பேருந்திலேயே போய்விடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களுக்கு எல் கிரெகோமேல் ஆசை இருந்தால் டொலேடோவுக்கே போங்கள், தடுக்க மாட்டேன். மாட்ரிடின் அதோச்சா நிலையத்திலிருந்து ரயிலில் 35 நிமிடம் போல ஆகும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு அவசியம். ஏற்றத்தைக் கால்நடையாக ஏறாமல் டாக்சியில் சொகொதோவேர் சதுக்கம் வரை போய்விடுங்கள். கதீட்ரல், சாந்தோ தொமே, சாந்தா மரியா லா பிளாங்கா, இந்த மூன்று மட்டும். கிளம்பும் முன் கன்னியர் மடங்களில் விற்கிற மஸபான் என்கிற பாதாம் இனிப்பு ஒரு பெட்டி வாங்கி அம்மா கையில் கொடுங்கள். சிலவற்றில் முட்டை சேர்ப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.