குசினிக் கழிவு சீக்கிரம் உரமாகக் கடையில் விற்கும் நுண்ணங்கித் திரவம் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வளவில் நாலு வருடமாகக் கூட்டெரு போடுகிறேன். முதல் தடவை மட்டும்தான் திரவம் வாங்கினேன். அதை ஊற்றியும் ஒரு வாரத்தில் குவியல் புளித்து நாறியது.

காரணம் பிறகுதான் விளங்கியது. பழஞ்சோறு, வாழைப்பழத் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ எல்லாம் ஈரம் கூடியவை. காற்றுப் போகாமல் அமுங்கிக் கிடந்தால் முதலில் பெருகுவது லக்டிக் அமிலப் பற்றீரியா, தயிரைப் புளிக்க வைக்கிற அதே கூட்டம்தான். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5க்குக் கீழே இறங்கிவிட்டால், குவியலைச் சூடாக்க வேண்டிய பசிலசு என்ற பற்றீரியா வகைகள் தலையெடுக்க முடியாது. விரைவாக மக்குவது பெரும்பாலும் அவற்றின் கையில். 55 – 60 பாகை செல்சியஸ் சூட்டில்தான் அவை மும்முரமாக வேலை செய்யும்.

ஆகவே அந்தப் புளிப்புக் கட்டத்தை நிற்க விடாதீர்கள். ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி பூவரசஞ் சருகு, ஒரு சிரட்டை அடுப்புச் சாம்பல், பழைய கூட்டெரு இரண்டு மண்வெட்டி. சூட்டுக்குப் பழகிய நுண்ணங்கிகள் அந்தப் பழைய எருவிலேயே இருக்கின்றன. இல்லாவிட்டால் மாட்டெரு போதும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஓடக் கூடாது. மூன்றாம் நாள் காலை உள்ளே கை வைத்துப் பாருங்கள், சுடும். நாலு நாளுக்கு ஒருக்கால் புரட்டுங்கள். 70 பாகையைத் தாண்டினால் வேலை செய்கிறவையே செத்துவிடும்.

பிறகு ஒருநாள் சாம்பல் தூவியது போல வெள்ளையாக இழை ஓடும். பூஞ்சணம் பிடித்துவிட்டது, கொட்டு என்றார் அம்மா. அது பூஞ்சணம் அல்ல, அக்டினோமைசீற்று என்ற பற்றீரியா இனம். சருகின் நார்ப்பகுதியை அரிப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. முகர்ந்து பாருங்கள், முதல் மழைக்குச் செம்மண் விடுகிற வாசம் வரும். அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மினை உண்டாக்குவதும் இந்த இனம்தான். எனக்கு இந்த நாள்தான் மிகப் பிடித்த நாள்.

யாழ்ப்பாணத்தில் ஒன்றை மறக்க வேண்டாம்: கிடங்கு வெட்டிப் போடாதீர்கள். நிலத்தின் கீழ் சுண்ணக்கல், வடிகிற நீர் நேரே கிணற்றுக்குப் போகும். கிணற்றிலிருந்து தள்ளி, நிலத்துக்கு மேலேயே குவியுங்கள். மாரியில் மேலே கிடுகு போட்டு மூடுங்கள்.

என் வளவில் நாற்பது நாளளவில் சூடு தணிகிறது. இன்னும் ஒரு மாதம் ஆற விடுங்கள். ஆறாத எருவில் அமோனியா இருக்கும். அவசரப்பட்டு வைத்து மிளகாய்க் கன்றுகள் ஒரு பாத்தி முழுக்கக் கருகிப் போயின.