எட்டு முகங்கள், 216 ஸ்டிக்கர்கள்

வாசகர் கேள்வி – பதில்
(இந்த இதழில் பதிலளிப்பவர்: நாற்பரிமாண ரூபிக் கியூப் தீர்ப்பதில் ஈடுபாடு கொண்ட கல்லூரி மாணவி)

கண்ணுக்கே தெரியாத நான்காம் பரிமாணத்தில் ஒரு கியூபா? எப்படித்தான் தீர்க்கிறாய், அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, ஐயா. நிறங்களை எண்ணத் தெரிந்தால் போதும். சாதாரண ரூபிக் கியூபின் முகம் ஒரு சதுரம். அதில் 9 ஸ்டிக்கர்கள். பரிமாணம் ஒன்று கூடியதும் முகமே கனசதுரமாகிவிடுகிறது. ஒவ்வொன்றிலும் 27 ஸ்டிக்கர்கள். அப்படி எட்டு முகங்கள், மொத்தம் 216 ஸ்டிக்கர்கள். டான் ஹாட்ச்சும் மெலிண்டா கிரீனும் உருவாக்கிய மேஜிக்கியூப் 4டி என்ற இலவச மென்பொருளில் இதைத் திருப்பிப் பார்க்கலாம். திரையில் நடுவே ஒரு கனசதுரம், சுற்றிலும் ஆறு. எட்டாவது நம் பக்கமாக இருப்பதால் தெரியாது; வேண்டும்போது அதை நடுவுக்குக் கொண்டுவந்துகொள்ளலாம்.

திருப்புவதில்தான் சுவையே இருக்கிறது. சதுர முகத்தை ஒரே அச்சில்தான் சுழற்ற முடியும். கனசதுர முகத்தையோ எந்தப் பக்கமும் புரட்டலாம். அதன் பக்கத்தின் நடு ஸ்டிக்கரைச் சொடுக்கினால் கால் சுற்று, விளிம்பைச் சொடுக்கினால் அரைச் சுற்று, மூலையைச் சொடுக்கினால் மூன்றில் ஒரு பங்கு.

நான் முதலில் இரண்டு நிறமுள்ள 24 துண்டுகளைச் சேர்க்கிறேன். பிறகு மூன்று நிறமுள்ள 32, கடைசியாக நான்கு நிறமுள்ள 16 மூலைகள். ‘அ’ என்ற நகர்த்தல், ‘ஆ’ என்ற நகர்த்தல், பின்பு ‘அ’வைத் தலைகீழாக, ‘ஆ’வைத் தலைகீழாக. இப்படிச் செய்தால் பெரும்பாலான துண்டுகள் பழைய இடத்துக்கே திரும்பிவிட, ஒரு சில மட்டும் மாறியிருக்கும். கைக்கியூபில் பழகிய இந்த உத்தி இங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது. முதன்முறை அது பலித்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைக்கியூபில் ஒரே ஒரு மூலை மட்டும் தனியாகத் திரும்பி நிற்காது. நின்றால், யாரோ கையால் முறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். நான்காம் பரிமாணத்தில், மற்ற எல்லாம் சரியாக இருக்க, ஒரே ஒரு மூலையின் நான்கு நிறங்கள் மட்டும் இரண்டிரண்டாக இடம் மாறி நிற்கலாம். யாரும் முறுக்கவில்லை, விதிப்படியே அப்படி வரும். கைக்கியூபில் நடக்கவே நடக்காத ஒன்று இங்கே சாதாரணமாக நடக்கிறது என்பதற்காகவே இதை விட மனம் வருவதில்லை.

எத்தனை விதமாகக் கலையும்?
– வாசகி, தஞ்சாவூர்

கைக்கியூபின் நிலைகளை எழுத 20 இலக்கங்கள் போதும். இதற்கு 121 இலக்கங்கள் வேண்டும்.

என் மகள் கணக்கில் சுமார்தான். இதெல்லாம் கணிதம் படித்தவர்களுக்கு மட்டுமா?
– ஒரு தாய், ஈரோடு

இல்லவே இல்லை, அம்மா. 1860இல் பிறந்த அலிசியா பூல் ஸ்டாட் பல்கலைக்கழகப் படியே ஏறாதவர். நாற்பரிமாண உருவங்களை வெட்டினால் கிடைக்கும் வடிவங்களைத் தாமாகவே கண்டறிந்து, அட்டையில் செய்து வண்ணம் தீட்டினார். 1914இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மதிப்பெண்ணை வைத்து உங்கள் மகளை எடைபோடாதீர்கள். பொறுமை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கையில் பிடித்துத் திருப்பும்படி ஒன்று கிடையாதா? என் பேரன் எதில் தொடங்கலாம்?
– வாசகர், திருநெல்வேலி

இருக்கிறது, ஐயா. மெலிண்டா கிரீனே, ஒவ்வொரு திசையிலும் மூன்றுக்குப் பதில் இரண்டே துண்டுகள் உள்ள நாற்பரிமாண 2×2×2×2 புதிரைக் காந்தம் பொருத்திய 16 துண்டுகளால் வடிவமைத்திருக்கிறார். இரண்டு சிறு கனசதுரங்களை ஒட்டி வைத்தாற்போல் நீளமாக இருக்கும். சில திருப்பங்களுக்குத் துண்டுகளைக் கழற்றி மறுமுனையில் ஒட்ட வேண்டும். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான்.

பேரன் முதலில் சாதாரண கியூபைச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு நகர்த்தலும் எந்தத் துண்டை எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்துத் தீர்க்கட்டும். அடுத்து மென்பொருளில் 2×2×2×2. அதில் எல்லாமே மூலைகள்தான், குழப்பம் குறைவு. பிறகு நான் தீர்க்கும் 3×3×3×3க்கு வந்து, ஒரே ஒரு திருப்பத்தால் கலைத்துவிட்டு மீட்கப் பழகட்டும். அடுத்து இரண்டு திருப்பங்கள். ஆசை அடங்காவிட்டால் 810 ஸ்டிக்கர்களோடு ஐந்தாம் பரிமாணமும் காத்திருக்கிறது. ஆண்ட்ரே அஸ்ட்ரெலின் ஏழு பரிமாணம் வரை மென்பொருள் எழுதியிருக்கிறார்.