11 மாதக் கேள்விக்கு 14 லட்சம் கடன் வேண்டாம்

ஈரோட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வணிகவியல் பிரிவு முடித்திருக்கிறாள். கணக்குப்பதிவியலிலும் வணிகவியலிலும் நல்ல மதிப்பெண். பெங்களூரில் இருக்கும் மாமா, தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்தாண்டு பிபிஏ எல்எல்பி சேர்க்கச் சொல்கிறார். "கார்ப்பரேட் லாயர் ஆகிவிடுவாள்" என்பது அவர் வாக்கு. விடுதியோடு வருடத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் 50,000 ரூபாய் முன்பணம் கட்டினால்தான் இடம் நிற்குமாம். கல்விக் கடன் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி வருகிறது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது மகள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, "ஏன் எல்லோரும் 11 மாதம் என்றே போடுகிறார்கள்?" என்று கேட்டாளாம். யாருக்கும் பதில் தெரியவில்லையாம்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பணத்தைக் கட்டிவிடுவீர்கள். அதனால் கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு 14 லட்சம். வருடா வருடம் 2.8 லட்சமாக வங்கி கொடுக்கிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலமும் அதன் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதல் வருடப் பணத்துக்கு ஆறு வருட வட்டி, இரண்டாம் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி என்று தனிவட்டியாகவே கூட்டினால் 5 லட்சத்து 60 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் கடன் 19 லட்சத்து 60 ஆயிரமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 26,000 ரூபாய்.

இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றமே தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவரை பலருக்கு என்ன கிடைத்துவந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த 20,000 முழுதாகக் கைக்கு வந்தாலும் தவணைக்குப் போதாது.

மாமா மனத்தில் இருப்பது பெரிய சட்ட நிறுவனத்தின் சம்பளம். அந்த நிறுவனங்கள் ஆள் எடுக்க முதலில் போவது முன்னணித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. கேட்ட பணத்தைக் கட்டியவருக்கெல்லாம் இடம் கொடுக்கும் கல்லூரிக்கு அந்த வரிசையில் எந்த இடம் என்று அவரிடமே கேளுங்கள். இன்னொன்றும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், இந்திய பார் கவுன்சில் விதி 49-ன்படி வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும்.

சிஏ, கிளாட் எனும் தேசியச் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, பொறியியல் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் உறவிலேயே ஆள் இருக்கிறார்கள். அந்த 11 மாதக் கேள்வி இன்னொரு படிப்பின் பக்கம் கை காட்டுகிறது. அதன் பெயர் கம்பெனி செக்ரட்டரி, சுருக்கமாக சிஎஸ்.

பெயரைக் கேட்டதும் "செக்ரட்டரி வேலைக்கா படிக்க வைக்கிறீர்கள்? டைப் அடிக்கவா?" என்று யாராவது சொல்வார்கள். கம்பெனிகள் சட்டம், 2013-ஐக் காட்டுங்கள். அதன் பிரிவு 2(51) முதன்மை நிர்வாகப் பொறுப்பாளர்கள் யார் யார் என்று பட்டியல் போடுகிறது. நிர்வாக இயக்குநர், தலைமை நிதி அதிகாரி ஆகியோரோடு கம்பெனி செக்ரட்டரியும் அதில் இருக்கிறார். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு கம்பெனியும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள மற்ற கம்பெனிகளும், பிரைவேட் லிமிடெட் உட்பட, முழுநேர சிஎஸ் ஒருவரை வைத்தே ஆக வேண்டும். இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். நியமிக்காத கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம், பொறுப்பான இயக்குநர்களுக்குத் தனியே. கம்பெனி விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் சட்டம் உண்டாக்கியிருக்கும் வேலை இது. திருப்பூர், கோவை, கரூர், ஓசூர் பக்கம் கம்பெனியாகப் பதிவாகி, செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியைத் தொடும் ஒவ்வொரு ஆலைக்கும் இது பொருந்தும்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு காட்சி. ஒரு கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30. மார்ச் 31-ல் கணக்கு முடித்தால் ஆறு மாதத்துக்குள் கூட்டம் நடக்க வேண்டும், அதனால் அதுவே கடைசி நாள். பங்குதாரர்களுக்கு 21 முழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது பிரிவு 101. 30-லிருந்து 21-ஐக் கழித்து, 9-ஆம் தேதி அனுப்பினால் போதும் என்று புதிதாக வருபவர் நினைப்பார். அது தவறு. முழு நாள் என்றால் அறிவிப்பு கிடைக்கும் நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் சேர்க்கக் கூடாது. 9 முதல் 29 வரை எண்ணினால் 21 வரும். அப்படியானால் மின்னஞ்சல் 8-ஆம் தேதியே போயாக வேண்டும். தபாலில் அனுப்பினால் போய்ச்சேர 48 மணி நேரம் என்று விதி கணக்கு வைத்திருக்கிறது, அதனால் 6-ஆம் தேதி. இந்த ஒரு நாளைத் தவறவிட்டால், பின்னால் சண்டை வரும்போது எதிர்த்தரப்பு "கூட்டமே செல்லாது" என்று வந்து நிற்கும்.

கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் நிதி அறிக்கையை ஏஓசி-4 படிவத்தில் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டு விவர அறிக்கையை எம்ஜிடி-7 படிவத்தில் 60 நாளுக்குள். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். 2017-ல் இப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி இழந்தார்கள். பலருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. அருகில் இருந்து தேதி சொல்ல ஆள் இல்லாதது அதற்கு ஒரு காரணம்.

நீதிமன்றத்தில் பேச வழியே இல்லையா என்றால், உண்டு. தொழில் சான்றிதழ் பெற்ற சிஎஸ், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக வாதாடலாம், பிரிவு 432 அதை அனுமதிக்கிறது. பெரிய கம்பெனிகள் சட்டப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் செயலகத் தணிக்கையைச் செய்யும் உரிமையும் அவருக்கு மட்டும்தான்.

இனி எப்படிப் படிப்பது என்பது. தமிழ்நாட்டில் பி.காம் கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்ற பட்டப்படிப்பு பல காலமாக இருக்கிறது. சாதாரண பி.காம் இடம் கிடைக்காதவர்கள் எடுப்பது என்று அதை ஒதுக்குகிறார்கள், அது பெரிய தவறு. உங்கள் ஊர்ப் பக்கம் அது கிடைக்காவிட்டால் சாதாரண பி.காம் போதும். அரசுக் கல்லூரி, இல்லையென்றால் அரசு உதவி பெறும் கல்லூரி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

கல்லூரியில் வரும் வணிகச் சட்டத் தாளை மாணவர்கள் வீணாக்குகிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1930 சரக்கு விற்பனைச் சட்டம், 1932 கூட்டாண்மைச் சட்டம், 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டம் எல்லாம் அதில் இருக்கும். கைடு வாங்கி, "செல்லத்தக்க ஒப்பந்தத்தின் கூறுகள் யாவை" என்று பத்துப் புள்ளிகளை மனப்பாடம் செய்து தேர்வாகிவிடுவார்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்தபின் எத்தனை நாளில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். 30 நாளில் நோட்டீஸ், கொடுத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த மூன்று எண்ணும் ஒரு வியாபாரியின் பணத்தைக் காப்பாற்றும். உங்கள் மகள் முதல் நாளிலிருந்தே கைடை ஒதுக்கிவிட்டு மூலச் சட்டத்தைப் படிக்கட்டும். அரசின் இந்தியா கோடு தளத்தில் எல்லாச் சட்டமும் இலவசம்.

சிஎஸ் படிப்பை நடத்துவது ஐசிஎஸ்ஐ எனும் இந்தியக் கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம். முதல் வருடத்திலேயே அதன் சிஎஸ்ஈஈடி என்ற நுழைவுத் தேர்வை எழுதலாம். பிளஸ் டூ போதும். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். தேர்ச்சி ஒரு வருடம்தான் செல்லும், அதற்குள் அடுத்த நிலையான எக்ஸிக்யூட்டிவில் பதிவு செய்துவிட வேண்டும். அங்கே ஏழு தாள், இரண்டு குரூப். ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டாம் வருடத்தில் ஒரு குரூப், மூன்றாம் வருடத்தில் ஒரு குரூப் என்று பிரித்துக்கொண்டால் கல்லூரித் தேர்வோடு மோதாமல் முடிக்கலாம். அதன் பின் 21 மாத நடைமுறைப் பயிற்சி. அந்தக் காலத்திலேயே புரொஃபஷனல் நிலையின் ஏழு தாள்களையும் எழுதலாம். எல்லாம் சரியாக அமைந்தால் 22, 23 வயதில் உறுப்பினர். பதிவு, தேர்வு, பயிற்சி வகுப்பு என்று ஐசிஎஸ்ஐக்குக் கட்டுவதை எல்லாம் கூட்டினாலும், மாமா சொல்லும் கல்லூரியின் ஒரு வருடத் தொகையைத் தொடாது.

இது சுலபம் என்று சொல்லமாட்டேன். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், தேர்வுக்கு ஆறு மாதம் முன்பு வரை வந்த திருத்தங்களைக் கேட்பார்கள், பழைய புத்தகத்தைக் கடன் வாங்கிப் படிப்பவர்கள் அங்கேதான் அடிபடுகிறார்கள். ஒரு தாளில் 65 வாங்கி இன்னொன்றில் 38 வாங்கினால் அந்த முறை குரூப்பில் தேர்ச்சி கிடையாது. ஒரு குரூப் முடித்த தெம்பில் வேலைக்குப் போய் அப்படியே நின்றுவிடுபவர்களும் நிறைய. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தினம் ஒரு பிரிவைப் பார்க்காமல் தன் சொந்த ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து. சட்டத்தில் 'ஷால்' (shall) என்று வந்தால் செய்தே ஆக வேண்டும், 'மே' (may) என்று வந்தால் செய்யலாம். எழுதும்போது இரண்டையும் மாற்றிப் போடாத பழக்கம் முதல் வருடத்திலேயே வர வேண்டும்.

பட்டம் கையில் இருப்பதால், பின்னால் ஆசைப்பட்டால் அரசுச் சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்எல்பி சேரலாம். முழுநேர வேலையில் இருந்துகொண்டு அதைப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வருகைப்பதிவு கட்டாயம்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். அவளுக்கு இது பிடிக்காவிட்டால் நான் சொன்னேன் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். எழுந்து நின்று நாலு பேர் முன்னால் வாதாடத் துடிக்கிற பிள்ளை என்றால் படிவமும் தேதியும் அவளைச் சோர்ந்துபோக வைக்கும். அப்போது அவளுக்கு உரியது அரசுச் சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்பு, அதற்கும் 14 லட்சம் தேவையில்லை. எது அவள் இயல்பு என்று மாமாவோ நானோ தீர்மானிக்க முடியாது. அவளிடம் கேட்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

சனிக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். முதலில் அவள் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் பிரிவு 17, அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வந்தபின் எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது தனி, அதையும் அவளையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 173-ஐ அச்செடுத்துக் கொடுங்கள். ஒரு பக்கம்தான். முதல் உட்பிரிவில், இரண்டு இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். ஐந்தாம் உட்பிரிவில், சிறு கம்பெனிகளுக்கு இரண்டு கூட்டங்களுக்கு இடையே 90 நாளுக்குக் குறையக் கூடாது என்று இருக்கும். ஓரிடத்தில் மேல்வரம்பு, இன்னோரிடத்தில் கீழ்வரம்பு. நீங்கள் எதையும் சுட்டிக்காட்ட வேண்டாம். அவளாகவே "இது ஏன் தலைகீழாக இருக்கிறது?" என்று வந்து நின்றால் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்து பி.காம் பக்கத்தை நிரப்பச் சொல்லுங்கள். அரைப் பக்கத்தில் தாளை வைத்துவிட்டு எழுந்துபோனால் அவளை உட்கார வைத்து, என்ன பிடிக்கும் என்று முதலிலிருந்து கேளுங்கள்.

இரண்டில் எது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அந்த 50,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.