300 எலும்பா, 206 எலும்பா?

கேள்வி: மகள் நர்ஸிங் படிக்கிறாள், உடம்பில் 206 எலும்பு என்கிறாள். வைத்தியம் பார்க்கும் எங்கள் மாமாவோ பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் 300 என்று எழுதியிருக்கிறார், அதுதான் சரி என்று அடம்பிடிக்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மோல்மீன்

பதில்: பரீட்சையில் 206 என்றே எழுதச் சொல்லுங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மாமா சொல்வதும் கட்டுக்கதை இல்லை. சுசுருதர் 300 என்றுதான் சொல்கிறார், இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான சரகரைக் கேட்டால் 360! எதையெல்லாம் எலும்பில் சேர்ப்பது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. சரகர் பல் 32, பல் உட்காரும் குழி 32, நகம் 20 என்று எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார். சுசுருதர் பல்லையும் குருத்தெலும்பையும் சேர்க்கிறார். குழந்தைக்கு எலும்பு அதிகம், அதைத்தான் அவர் எண்ணினார் என்று பேஸ்புக்கில் சிலர் எழுதுகிறார்கள், சரி, 32 பல்லோடு எந்தக் குழந்தை பிறக்கிறது?

சுசுருதர் உடம்பைப் பார்த்த விதமும் வேறு. பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் தண்ணீரில் ஏழு இரவு போட்டு, நன்றாக ஊறியதும் வெட்டிவேர், மூங்கில் மாதிரியானவற்றால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறார். அதில் எலும்பும் குருத்தெலும்பும் தங்கும், மூளை எங்கே தங்கப்போகிறது?

சுசுருதர் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் கால்தான். விரலுக்கு மூன்றாக 15, பாதம் கணுக்கால் பக்கம் 10, குதிகால் 1, முழங்காலுக்குக் கீழே 2, முழங்கால் 1, தொடை 1, ஆக 30. மகளின் புத்தகத்திலும் இடுப்பெலும்பை விட்டுவிட்டால் ஒரு காலுக்கு 30-தான்! ஆனால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். பெருவிரலில் இருப்பது இரண்டே எலும்பு, அங்கே ஒன்று கூடிவிட்டது, பாதத்தில் ஒன்று குறைந்துவிட்டது, கூட்டல் தற்செயலாகப் பொருந்துகிறது. அப்புறம் கையும் இப்படியே என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். முழங்காலில் சில்லு இருக்கிறது, முழங்கையில் ஏது?

விலாவில் இன்னும் மோசம், பக்கத்துக்கு 12 இருக்க வேண்டிய இடத்தில் 36. இரண்டு பக்கமும் சேர்த்து 72, சரகரும் அதே 72 என்கிறார், ஆனால் விலா 24, அது பொருந்தும் குழி 24, அங்கே இருக்கும் முண்டு 24 என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார். மாமாவிடம் இந்தக் கணக்கை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், மகளும் பக்கத்தில் புத்தகத்தோடு உட்காரட்டும்.